டோட்டல் லாஸ் கார்: இரும்புக்கு ஒரு விலை, ஆர்.சி.க்கு ஒரு விலை

விபத்தில் அடிபட்ட காரைச் சரிசெய்ய ஆகும் செலவு, பாலிசியில் அந்தக் காருக்குக் குறித்திருக்கும் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இந்தியாவில் அது ‘டோட்டல் லாஸ்’. இன்சூரன்ஸ் நிறுவனம் அதைப் பழுதுபார்க்கப் பணம் தராது. மதிப்பைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளும். மெக்கானிக் ‘டோட்டல்’ என்று சொன்னால் வண்டி இனி தேறாது என்று பொருள். இன்சூரன்ஸ்காரர் சொல்லும் ‘டோட்டல்’ அதுவல்ல. தேற்றுவதற்கு ஆகும் செலவுக்கு வண்டி பெறாது என்பதுதான் அவர் சொல்வது. முன்னது இரும்பைப் பார்த்துச் சொல்வது, பின்னது கணக்கைப் பார்த்துச் சொல்வது. கணக்கில் செத்துப்போன வண்டி இரும்பில் உயிரோடு இருக்கலாம் என்பதால்தான் அதற்கென்று ஒரு தனிச் சந்தை நடக்கிறது.

பாலிசியில் குறித்திருக்கும் அந்த மதிப்புக்கு ஐ.டி.வி. என்று பெயர். அதே மாடலின் ஷோரூம் விலையிலிருந்து வண்டியின் வயதுக்கு ஏற்பக் கழித்து அதைப் போடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட வண்டிக்கு 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 என்று கழிவு ஏறிக்கொண்டே போகும். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு உரிமையாளரும் நிறுவனமும் பேசி ஒத்துக்கொள்வதுதான் மதிப்பு. சாலை வரியும் பதிவுச் செலவும் இதில் சேராது. ஷோரூம் விலை 10 லட்சம் உள்ள காரை, வரியெல்லாம் கட்டி ரோட்டுக்குக் கொண்டுவர அதற்கு மேலும் லட்சக்கணக்கில் கொடுத்தவருக்கு, மூன்றாம் வருடத்தில் வண்டி நொறுங்கினால் 7 லட்சத்தை ஒட்டித்தான் கிடைக்கும். பில்லில் உள்ள முழுத் தொகையும் வேண்டுமென்றால் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்ற கூடுதல் கவர் எடுத்திருக்க வேண்டும். அதையும் புது வண்டிகளுக்குத்தான் தருகிறார்கள். பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடச் சொல்பவர்கள் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார்கள். கிடைக்கும் தொகை குறைகிறது. கூடவே 75 சதவீத வரம்பும் கீழே இறங்குவதால், பிழைத்திருக்க வேண்டிய வண்டியும் டோட்டல் லாஸில் விழுகிறது.

வரம்பைத் தாண்டியதா இல்லையா என்பதை முடிவு செய்வது ஒர்க்‌ஷாப் கொடுக்கும் எஸ்டிமேட் அல்ல, சர்வேயரின் மதிப்பீடு. 50,000 ரூபாய்க்குக் குறையாத மோட்டார் இழப்புகளுக்கு உரிமம் பெற்ற சர்வேயர் வந்து பார்த்தாக வேண்டும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50 சதவீதம் கழித்துவிட்டுத்தான் அவர் கணக்குப் போடுவார். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. ‘ஜீரோ டெப்’ கவர் உள்ளவருக்கு இந்தக் கழிவு இல்லை. அதனாலேயே, அதே அடிக்கு அவருடைய வண்டி சீக்கிரம் வரம்பைத் தொடலாம் என்பது பாலிசி விற்பவர்கள் அதிகம் பேசாத விஷயம்.

ஒன்பது வருடத்துப் பழைய கார் ஒன்றின் ஐ.டி.வி. 1,60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரம்பு 1,20,000. முன்னால் போன லாரியின் பின்புறத்தில் ஒரு மோதல். பம்பர், பானெட், ரேடியேட்டர், இரண்டு ஹெட்லைட், இரண்டு ஏர்பேக் போய்விட்டால் கம்பெனி விலையில் வரம்பு தாண்டிவிடும். வண்டியின் எலும்புக்கூட்டில் ஒரு கீறலும் இருக்காது. இதற்கு நேர்மாறாக, உருண்டு புரண்டு பில்லர்கள் மடங்கிய இரண்டு வருடத்துக் காரும் அதே ‘டோட்டல் லாஸ்’ பெயரோடுதான் வெளியே வருகிறது. மூன்றாவது ரகம், வெளியே ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் டேஷ்போர்டு வரை தண்ணீரில் நின்ற வண்டி. மின்சாரக் கார்களில் அடிப்பக்கம் இருக்கும் பேட்டரி பேக் நசுங்கினால் அது ஒன்றே கணக்கை முடித்துவிடும். நான்குக்கும் காகிதத்தில் ஒரே பெயர். வாங்குபவரின் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

டோட்டல் லாஸ் என்று முடிவானதும் சர்வேயரோ நிறுவனமோ நொறுங்கிய வண்டிக்கு விலை கேட்பார்கள். ‘சால்வேஜ்’ என்பது இந்த மிச்சத்துக்குத் தொழிலில் வழங்கும் பெயர். முன்பு நாலு பழைய வண்டி வியாபாரிகளைக் கூப்பிட்டு ஒர்க்‌ஷாப் வாசலிலேயே விலை பேசுவார்கள். இப்போது பெரும்பாலும் ஆன்லைன் ஏலம். 7 லட்சம் ஐ.டி.வி. உள்ள காருக்கு அதிகபட்சக் கேள்வி 1,80,000 என்று வந்தால், ஏலம் எடுத்தவர் அந்தத் தொகையை உரிமையாளருக்குக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்வார், மீதி 5,20,000 ரூபாயில், கட்டாயமாக உரிமையாளரே ஏற்க வேண்டிய பங்கை மட்டும் கழித்துக்கொண்டு (1500 சி.சி. வரை 1000 ரூபாய், அதற்கு மேல் 2000) நிறுவனம் தரும். உரிமையாளர் விரும்பினால் வண்டியைத் தானே வைத்துக்கொண்டு மீதியை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். கடன் இருந்தால் நிறுவனம் தரும் பணம் முதலில் வங்கிக்குப் போகும்.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மிச்சத்தைத் தனக்கென எடுத்துக்கொண்டு விற்பது எப்போதும் இன்சூரன்ஸ் நிறுவனம் அல்ல. பல சமயம் விற்பவர் உரிமையாளர்தான்; நிறுவனம் ஆளைக் காட்டிவிட்டு ஒதுங்கிவிடுகிறது. விபத்தின் அதிர்ச்சியிலோ ஆஸ்பத்திரி அலைச்சலிலோ இருக்கும் மனிதர், பணம் சீக்கிரம் வந்தால் போதும் என்று உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் தேதி போடாமல் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி.யையும் சாவியையும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறார்.

ஏலக் கேள்விகளில் இரண்டு விலை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ‘வித் ஆர்.சி.’ ஒரு விலை, ‘வித்தவுட் ஆர்.சி.’ இன்னொரு விலை. முதல் விலை கூடுதலாக இருக்கும். வண்டியைச் சரிசெய்து ஓட்டப் போகிறவருக்கு ஆர்.சி. தேவைதான், அதில் தவறில்லை. ஆனால் எந்த ஒர்க்‌ஷாப்பாலும் நிமிர்த்த முடியாத இரும்புப் பொட்டலத்துக்கும் ‘வித் ஆர்.சி.’ என்றால் கூடுதல் விலை வருகிறதே, அது எதற்கு? அங்கே விலை போவது கார் அல்ல, காரின் அடையாளம்.

அந்த அடையாளம் திருட்டு வண்டிக்குப் போகிறது. நொறுங்கிய காரின் அதே மாடல், அதே நிறத்தில் ஒரு காரைத் திருடி, பழைய காரின் சேசிஸ் எண்ணையும் நம்பர் பிளேட்டையும் அதற்கு மாற்றிவிடுகிறார்கள். ஆர்.சி. அசல். அரசுப் பதிவேட்டில் பெயர் அசல். செயலியில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும். 2020ஆம் ஆண்டு லக்னோ போலீசார் பிடித்த ஒரு பெரிய கார் திருட்டுக் கும்பல் இதே முறையில்தான் தொழில் நடத்தியது. இப்படிப்பட்ட காரை முழு விலை கொடுத்து வாங்கியவர், போலீஸ் வந்து வண்டியை எடுத்துப்போகும் நாள் வரை தன்னை ஒரு நல்ல பேரம் முடித்தவராகவே நினைத்திருப்பார்.

பழைய உரிமையாளரும் தப்பிப்பதில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், கார் ஒருவரிடமிருந்து ஒருவராகப் பல கைகள் மாறியிருந்தது, ஆர்.சி.யில் மட்டும் முதல் உரிமையாளரின் பெயரே இருந்தது. கடைசி ஆளிடம் இருந்தபோது அது விபத்தை உண்டாக்கியது. இழப்பீட்டுப் பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்கு, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே மோட்டார் வாகனச் சட்டத்தின்படி உரிமையாளர் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்ல நிலையில் விற்ற காருக்கே இந்தக் கதி என்றால், யாரிடம் போய்ச் சேர்ந்தது என்றே தெரியாத டோட்டல் லாஸ் வண்டியின் முன்னாள் சொந்தக்காரர் எப்படி நிம்மதியாகத் தூங்குவது?

சட்டம் இதற்கு வழி சொல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 55: வண்டி அழிந்துபோனாலோ, இனி எப்போதும் பயன்படுத்த முடியாத நிலைக்கு வந்தாலோ, உரிமையாளர் 14 நாளுக்குள் அல்லது முடிந்தவரை விரைவாகப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். ஆனால் ‘பயன்படுத்த முடியாத’ என்பதை யார் முடிவு செய்வது? இன்சூரன்ஸ் கணக்கின் 75 சதவீதம் வேறு, சட்டம் சொல்லும் ‘நிரந்தரமாக’ வேறு. இந்த இடுக்கில் புகுந்துதான் ஆயிரக்கணக்கான ஆர்.சி.கள் ரத்தாகாமல் சுற்றுகின்றன.

பிரிட்டனில் இதை வேறு மாதிரி கையாள்கிறார்கள். 2017 அக்டோபர் முதல் அங்கே இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிடும் கார்களை ஏ, பி, எஸ், என் என்று நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். ஏ என்றால் ஒரு பாகம்கூட எடுக்காமல் முழுவதையும் நசுக்க வேண்டும். பி என்றால் பாகங்களைக் கழற்றிக்கொள்ளலாம், பாடி நசுங்கியாக வேண்டும். எஸ் என்பது கட்டமைப்பில் அடிபட்டுச் சரிசெய்யக்கூடியது. என் என்பது கட்டமைப்பில் அடிபடாதது. அமெரிக்க மாநிலங்களில் உரிமைப் பத்திரத்திலேயே ‘சால்வேஜ்’ என்று முத்திரை விழும். இந்திய ஆர்.சி.யில் இப்படி எந்த முத்திரையும் விழுவதில்லை. பில்லர் மடங்கிய காரும் பம்பர் மட்டும் போன காரும் ஒரே மாதிரி ஆர்.சி.யோடு பழைய கார் சந்தையில் நிற்கின்றன. முத்திரை இல்லாததால் வாங்குபவர் தன் கண்ணையும் கையையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

வெளியே பெயின்ட் பளபளப்பதைப் பார்ப்பதில் பயனில்லை. டிங்கரிங் தெரிந்தவர் பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிட்டால் எந்தக் கதவும் புதுக் கதவு போலத்தான் இருக்கும். பானெட்டைத் திறந்து, அதையும் முன் மட்கார்டுகளையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும். கம்பெனியில் பாடியோடு சேர்த்துப் பெயின்ட் ஆனவை அவை. ஸ்பேனர் பட்டால் ஓரத்தில் பெயின்ட் உடையும். போல்ட் கழன்றதற்கு அப்பாவித்தனமான காரணமும் இருக்கலாம். அடுத்து எஞ்சின் அறையின் இருபுறமும் உள்ள ஏப்ரன் தகடு, அதற்குக் கீழே முன்னோக்கி நீளும் சேசிஸ் கால்கள். இவற்றில் சுருக்கமோ, சுத்தியல் தடமோ, கையால் வைத்த வெல்டிங்கோ இருந்தால் அதற்கு அப்பாவிக் காரணம் கிடையாது. கம்பெனி வெல்டிங் சீரான இடைவெளியில் சின்னச் சின்ன வட்டப் பள்ளங்களாக இருக்கும். கதவின் ரப்பர் பீடிங்கை இழுத்துப் பார்த்தால் பில்லர் ஓரத்தில் அந்தப் பள்ளங்கள் வரிசையாகத் தெரிய வேண்டும். தெரியாமல் வழவழவென்று இருந்தால் அந்தப் பில்லர் வெட்டி ஒட்டப்பட்டது.

இதில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், இன்றைய கார்களுக்குப் பழைய ஜீப் போலத் தனிச் சட்டகம் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. மோதலில் எது மடங்க வேண்டும், எது மடங்கக் கூடாது என்று கணக்குப் பார்த்து, இடத்துக்கு இடம் வேறு வேறு பலமுள்ள எஃகைப் போட்டிருப்பார்கள். உயர்பலம் கொண்ட எஃகைச் சூடுகாட்டி நிமிர்த்தினால் உருவம் திரும்பிவிடும், பலம் திரும்பாது. முதல் விபத்தைத் தாங்கிய கார் இரண்டாவதைத் தாங்காமல் போவது இதனால்தான்.

ஏர்பேக் இன்னொரு மோசடி மூலை. ஒருமுறை விரிந்த ஏர்பேக் மறுபடி உதவாது. கூடவே சீட்பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் பகுதியும் மாற்றப்பட வேண்டும். செலவு அதிகம் என்பதால் உறையை மட்டும் ஒட்டிவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாமல் ஏமாற்றி விடுபவர்கள் இருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், வேறொரு விளக்கோடு சேர்ந்தே அணைந்தாலும் சந்தேகம்தான். கண்ணாடிகளின் மூலையில் உற்பத்திக் குறி இருக்கும். எல்லாம் ஒரே காலத்தைக் காட்டி, ஒன்று மட்டும் வேறாக இருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

தண்ணீரில் முழுகிய வண்டிக்கு வேறு சோதனை. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் பார்க்கிங்கிலேயே முழுகின. முழுகியது மட்டுமல்ல, தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தது பல வண்டிகளுக்கு எமனாக முடிந்தது. தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதைப் பின்விளைவு நஷ்டம் என்று சொல்லிச் சாதாரண பாலிசி கைவிரிக்கும். ‘எஞ்சின் புரொடெக்ட்’ கவர் தனியே வேண்டும். இப்படிப்பட்ட காரை விற்க, வெள்ளத்தை அறியாத வெளியூர் வசதி. சீட்பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள ரெயில், ஸ்டெப்னி வைக்கும் குழி, கார்பெட்டுக்குக் கீழே உள்ள தகடு ஆகிய இடங்களில் துரு இருக்கும். ஒயரிங் கனெக்டரைக் கழற்றினால் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் எதை மறைக்க என்று யோசிப்பது நல்லது.

எல்லாம் பார்த்த பிறகும் டோட்டல் லாஸ் காரை வாங்கலாமா? தெரிந்தே, அதற்குரிய விலைக்கு, பாடியில் அடிபடாத ரகத்தை வாங்கலாம். பாகங்களுக்காக வாங்குவதும் நேர்மையான தொழில்தான். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்தை பிழைப்பது அதில்தான். மறைத்து விற்கப்படுவதைத்தான் வாங்கக் கூடாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பில் விவரம் கேட்டால் பெரும்பாலும் குட்டு வெளிப்படும். கேட்கும்போது விற்பவரையும் கூட அழைத்துப்போக வேண்டும். வரத் தயங்குகிறார் என்றால் அதுவே பதில். சேசிஸ் எண்ணின் 17 எழுத்துகளையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, எண் அடித்த தகட்டைச் சுற்றி வெல்டிங் தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பல புதிய கார்களின் கம்ப்யூட்டரிலும் இதே எண் பதிந்திருக்கும். ஸ்கேனர் உள்ள மெக்கானிக் அதைப் படித்துச் சொல்வார். வெளியே ஓர் எண், உள்ளே வேறோர் எண் என்றால் அந்தப் பேரத்திலிருந்து உடனே வெளியேறிவிடுவதே மேல். வாங்கிய பிறகு 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்காதவர், அடுத்த அடிக்கு இழப்பீடு கேட்டுப் போனால் வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

விற்பவருக்கு வேலை குறைவு, ஆனால் தள்ளிப்போட முடியாதது. வண்டி இனி ஓடப்போவதில்லை என்று தெரிந்தால், கூடுதலாகக் கிடைக்கும் சில ஆயிரங்களுக்கு ஆசைப்படாமல் ‘வித்தவுட் ஆர்.சி.’ விலைக்கே ஒத்துக்கொண்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை ரத்து செய்துவிட வேண்டும். கடன் இருந்தால் அதற்கு முன் வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கும் படிவம் 35ம் தேவை. வண்டி சரியாகி ஓடப்போகிறது என்றால், தேதியும் வாங்குபவரின் பெயரும் முகவரியும் எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. உள்மாநில விற்பனை என்றால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பது சட்டப்படி விற்பவரின் கடமை. வாங்கியவர் செய்வார் என்று விட்டுவிடுவது வழக்கம், அந்த வழக்கத்தால்தான் சம்மன் வருகிறது. ஃபாஸ்டேகை முடக்குவதும் வண்டியை ஏற்றிச்சென்ற நாளில் படம் எடுத்து வைப்பதும் பிறகு கைகொடுக்கும். நிறுவனம் சொல்லும் தொகை நியாயமில்லை என்று தோன்றினால், முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுதிக் கேட்டுவிட்டு, பிறகு இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றிப் புகார் தரலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

ஏலத்தில் விடாமல் நேரே அழித்துவிடவும் இப்போது வழி உண்டு. 2021 செப்டம்பரில் வந்த மத்திய அரசு விதிகளின்படி, பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் வண்டியை ஒப்படைத்தால் அதற்கு ஒரு சான்றிதழ் தருகிறார்கள். அதைக் காட்டிப் புதுக் கார் வாங்கும்போது சாலை வரியில் சலுகை கேட்கலாம். ஏலக்காரர் தரும் விலை அங்கே கிடைக்காது. ஆனால் அங்கே வண்டியை நசுக்கும்போது சேசிஸ் எண் உள்ள தகட்டைத் தனியே வெட்டி எடுத்துப் பத்திரமாக வைக்கிறார்கள். வேறு எந்தக் காருக்கும் அது போய்ச் சேராது.